ஒரே ஊரில் மூன்று ஜான்: காலனிய அமெரிக்கக் கொடிவழியில் சிக்கல் பிரிக்கும் வழிமுறை

தாத்தா ஜான், அப்பா ஜான், மகன் ஜான், சித்தப்பா மகனும் ஜான். 1607 முதல் 1776 வரையிலான ஆங்கிலேயக் குடியேற்றங்களில் ஒரு குடும்பத்தைத் தேடிப் போகிறவர் எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம் இதுதான். ஜான், தாமஸ், வில்லியம், சாமுவேல், மேரி, எலிசபெத், சாரா என்று ஒரு கைப்பிடிப் பெயர்களே தலைமுறை தலைமுறையாகச் சுற்றி வருகின்றன. பேரன் என்பது பெயரன் என்று தெரிந்த நமக்கு இதில் வியப்பில்லை. ஆனால் இன்றைய இணையக் கொடிவழிகளில் உள்ள பிழைகளில் பெரும்பங்கு இங்கிருந்துதான் கிளம்புகிறது.

தேடலைத் தொடங்கும்போதே ஒரு தாள் போட்டுக்கொள்ளுங்கள். ஆவணத்துக்கு ஒரு வரி. ஆளுக்கு ஒரு வரி அல்ல. எழுதப்பட்ட தேதி, பதிவான தேதி, பெயர் (எழுத்துக்கு எழுத்து அப்படியே), அடைமொழி, மனைவி பெயர், நிலம், அண்டை நிலக்காரர்கள், சாட்சிகள், கையெழுத்தா கீறல் குறியா என்று பத்திகள் இருக்கட்டும். ஊரில் அந்தப் பெயரில் வரும் எல்லா வரிகளையும் திரட்டிய பிறகே ஜான் அ, ஜான் ஆ, ஜான் இ என்று பிரியுங்கள். மூவரையும் அவரவர் சாவு வரை கொண்டு போகாமல் ஒருவரை மட்டும் உங்கள் மரத்தில் ஏற்றினால், பாதிக்குப் பாதி தப்பான ஜான்தான் ஏறுவார்.

## அடுத்தடுத்த குழந்தைகளுக்கு இடையே இரண்டு மாதமே இருக்கிறது

முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். செலவில்லாத சோதனை, பாதி வழக்குகள் இதிலேயே தீரும். 1752க்கு முன் ஆங்கிலேயக் குடியேற்றங்களில் ஆண்டு பிறந்தது மார்ச் 25 அன்று. 1699 டிசம்பரில் ஒரு குழந்தை, 1700 பிப்ரவரியில் இன்னொன்று என்று ஏடு சொன்னால், அந்தப் பிப்ரவரி நம் கணக்கில் 1701. இடைவெளி இரண்டு மாதம் அல்ல, பதினான்கு மாதம். ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையிலான தேதிகளை 1700/01 என்று இரட்டை ஆண்டாக எழுதி வையுங்கள். ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்த நாள் குடும்ப ஏட்டில் 1731/32 பிப்ரவரி 11. நாம் சொல்லும் 1732 பிப்ரவரி 22 பிறகு மாற்றிக் கணக்கிட்டது.

குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவினரின் ஏடுகளில் மாதத்துக்குப் பெயர் இல்லை, எண்தான். 1752க்கு முன் "முதல் மாதம்" என்றால் மார்ச், "பன்னிரண்டாம் மாதம்" என்றால் பிப்ரவரி. 1752 முதல் முதல் மாதம் ஜனவரி. பல தொகுப்பாளர்கள் இதை மாற்றாமல் ஜனவரி என்றே அச்சிட்டுவிட்டார்கள். அச்சு நூலில் மாதப் பெயர் இருந்து மூல ஏட்டில் எண் இருந்தால் மூலத்தை நம்புங்கள்.

நாட்காட்டி சரியாக இருந்தால், அது பிறந்த தேதியா ஞானஸ்நானத் தேதியா என்று பாருங்கள். மாசசூசெட்ஸ் ஊர்களின் 1850 வரையிலான அச்சிட்ட பிறப்பு, இறப்புத் தொகுதிகளில் ஞானஸ்நானத்துக்குத் தனிச் சுருக்கக் குறி உண்டு. பெற்றோரில் ஒருவர் சபையில் உறுப்பினராகச் சேர்ந்த வாரமே மூன்று நான்கு பிள்ளைகளுக்கு ஒரே நாளில் ஞானஸ்நானம் நடந்திருக்கும். அது இரட்டைப் பிள்ளைகள் என்பதற்கு ஆதாரம் அல்ல.

அதுவும் இல்லையென்றால் எழுத்து. அக்கால எழுத்தர்கள் ஜான் என்பதை "ஜ்னோ" என்பது போலச் சுருக்குவார்கள். ஜோனத்தானுக்கு வேறு சுருக்கம். முன்னதை ஜோனத்தான் என்று படிப்பது அட்டவணைகளில் திரும்பத் திரும்ப வரும் பிழை. ஃபேமிலிசெர்ச் என்ற கொடிவழித் தளம் 2024ல் கொண்டுவந்த முழு உரைத் தேடல் கிரயப் பத்திரங்களையும் உயில்களையும் தேட மிகவும் பயன்படுகிறது. ஆனால் படித்துக் கொடுப்பது இயந்திரம். கண்டுபிடிக்க அதைப் பயன்படுத்துங்கள். பெயரைப் படத்தில் பார்த்துத்தான் தாளில் ஏற்றுங்கள்.

இவை மூன்றும் கழிந்த பிறகும் இடைவெளி பொருந்தவில்லையா? அப்படியானால் தகப்பன்மார் இருவர். தாய் பெயரை வைத்துப் பிரியுங்கள். தாய்மாரும் இருவரும் மேரி என்றால் கீழே "எல்லாம் ஒத்துப்போகிறது" என்று தொடங்கும் நிலம் பற்றிய பகுதிக்குப் போங்கள்.

## ஒரே "மேரி" முப்பது ஆண்டு பிள்ளை பெறுகிறார்

1690ல் முதல் குழந்தை, 1722ல் கடைசி, தாய் பெயர் எல்லாவற்றிலும் மேரி. ஒரு பெண்ணின் பிள்ளைப்பேற்றுக் காலம் இருபத்தைந்து ஆண்டைத் தாண்டுவது அபூர்வம். முதல் மேரி இறந்து கணவர் இன்னொரு மேரியை மணந்திருக்கலாம்; அல்லது பாதிப் பிள்ளைகள் அப்பா ஜானுடையவை, மீதி மகன் ஜானுடையவை. பிறப்புகளுக்கு நடுவே நான்கைந்து ஆண்டு வெற்றிடம் விழுந்திருக்கும். இறப்பு, மறுமணப் பதிவுகளை அந்த வெற்றிடத்தில் தேடுங்கள். வெற்றிடமே இல்லாமல் பிள்ளைகள் தொடர்ந்தால் இரு தலைமுறை கலந்திருக்கிறது என்று கொள்ளுங்கள்.

## ஒரே வீட்டில் ஒரே பெயரில் இரண்டு பிள்ளைகள்

பெரும்பாலும் மூத்தது இறந்திருக்கும். இறந்த பிள்ளையின் பெயரையே அடுத்துப் பிறந்ததற்கு வைப்பது அன்று சாதாரண வழக்கம். சிசு மரணம் பதிவாகாமல் போவதும் சாதாரணம். இங்கே நடக்கும் பிழை, வளர்ந்த ஜானை முதல் பிறப்போடு ஒட்டிவிடுவது. வளர்ந்தவரின் வயதை வேறு வழியில் கணக்கிட்டு, எந்தப் பிறப்போடு சேர்கிறது என்று பாருங்கள். நீதிமன்ற வாக்குமூலங்களில் "வயது சுமார் 40" என்று இருக்கும். பதினான்கு வயதான பையன் தன் காப்பாளரைத் தானே தேர்ந்தெடுக்கலாம் என்பதால் காப்பாளர் நியமனப் பதிவும் வயதைக் காட்டும். கல்லறைக் கல்லில் "57ஆம் வயதில்" என்றிருந்தால் நிறைந்தது 56 மட்டுமே. இந்த ஓராண்டுப் பிசகு பல மரங்களைச் சாய்த்திருக்கிறது.

இருவருமே பெரியவர்களாகி நடமாடுகிறார்களா? குடும்பம் ஜெர்மானியர்களா என்று கேளுங்கள். பென்சில்வேனியாவின் லங்காஸ்டர், பெர்க்ஸ் கவுண்டிகளில் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) யோஹான் கியோர்க், யோஹான் பீட்டர், யோஹான் ஆதாம் என்று அண்ணன் தம்பி மூவரும் இருப்பார்கள். யோஹான் வெறும் முன்னொட்டு. வரிப் பட்டியலில் அவர்கள் ஜார்ஜ், பீட்டர், ஆதாம். "யோஹானஸ்" என்று முடிந்தால் மட்டும் அதுவே அழைக்கும் பெயர். பெண்களுக்கு ஆனா, மரியா என்ற முன்னொட்டுகள் இதே வேலையைச் செய்தன. ஜெர்மானியர் இல்லையென்றால் மாற்றாந்தாய்ப் பிள்ளைகளா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் இரண்டு குடும்பத்தை ஒன்றாக்கியிருக்கிறீர்கள்.

## "ஜூனியர்" மகனாக இல்லை, அல்லது திடீரென்று "சீனியர்" ஆகிவிட்டார்

இதில் பிழை ஆவணத்தில் இல்லை, நம் வாசிப்பில் இருக்கிறது. அக்காலத்தில் சீனியர், ஜூனியர் என்பவை ஊரில் அதே பெயருள்ளவர்களில் மூத்தவர், இளையவர் என்பதற்கு மேல் எதையும் சொல்லாது. சித்தப்பாவும் அண்ணன் மகனுமாக இருக்கலாம். உறவே இல்லாதவர்களாகவும் இருக்கலாம். மூத்தவர் இறந்ததும் ஜூனியர் சீனியராவார், மூன்றாமவர் ஜூனியராவார். மூத்தவர் ஊரை விட்டுப் போனாலும் அப்படியே. அதனால் அடைமொழி எப்போது மாறுகிறது என்று தாளில் குறியுங்கள். மாறும் இடத்தில் யாரோ இறந்திருக்கிறார்கள் அல்லது வெளியேறியிருக்கிறார்கள். இறப்புப் பதிவு இல்லாத ஊரில் இதுவே நல்ல சான்று.

ஜூனியர் போதாத இடத்தில் ஊர்க்காரர்கள் தொழிலைச் சேர்த்தார்கள். மாசசூசெட்ஸின் ஹிங்ஹாமில் ஆரம்ப நாட்களில் தாமஸ் லிங்கன்கள் நால்வர்: நெசவாளி, பீப்பாய் செய்பவர், மாவு ஆலைக்காரர், உழவர். 1637ல் வந்த சாமுவேல் லிங்கன்தான் ஆபிரகாம் லிங்கனின் முன்னோர். நெசவாளி தாமஸ் அவருடைய சகோதரர். ஆலைக்காரர் பிறகு டான்டனுக்குப் போய்விட்டார். தொழில் பெயரை "தேவையில்லாத விவரம்" என்று விட்டுவிட்டுப் படியெடுத்த அட்டவணையில் இந்த நால்வரும் ஒருவராகிவிடுவார்கள். அட்டவணையில் நிற்காமல் மூலத்துக்குப் போங்கள் என்று வற்புறுத்துவது இதனால்தான்.

## உயிலில் மகன் இல்லை, அல்லது உறவுமுறை பொருந்தவில்லை

உறவுச் சொல்லை முதலில் சந்தேகியுங்கள். தமிழில் மருமகன் என்றால் மகளின் கணவரும் ஆகலாம், உடன்பிறந்தாள் மகனும் ஆகலாம். அதைப்போல அன்றைய ஆங்கிலத்தில் மகளின் கணவரைக் குறிக்கும் சொல்லே மனைவியின் முந்தைய மணத்துப் பிள்ளையையும் குறித்தது. "கசின்" என்றால் பெரும்பாலும் அண்ணன் அல்லது அக்காவின் பிள்ளை. "சகோதரர்" மைத்துனராகவோ ஒரே சபையைச் சேர்ந்தவராகவோ இருக்கலாம். "மிஸ்ட்ரஸ்" என்ற பட்டம் மணமானவர் என்பதைக் காட்டாது, அந்தஸ்தைக் காட்டும். "என் இப்போதைய மனைவி" என்றிருந்தால் முன்பு ஒருத்தி இருந்தாள் என்று பொருளல்ல. சொத்து இந்த மனைவிக்கே, இனி வரக்கூடியவளுக்கு அல்ல என்று வரம்பு கட்டும் சட்ட வாசகம் அது.

சொல் சரியாக இருந்து மகன் மட்டும் காணவில்லையென்றால், எந்தக் குடியேற்றம் என்று பாருங்கள். வர்ஜீனியாவில் உயிலில் சொல்லாத நிலம் சட்டப்படி மூத்த மகனுக்கே போகும். 1785ல் சட்டம் இயற்றித்தான் அந்த முறையை ஒழித்தார்கள். எனவே மூத்தவர் பெயர் உயிலில் வர வேண்டிய கட்டாயமே இல்லை. அவரைக் கண்டுபிடிக்கும் இடம் கிரயப் பத்திரப் புத்தகம். இருபது முப்பது ஆண்டு கழித்து "இன்னாரின் மகனும் வாரிசும்" என்று சொல்லி அந்த நிலத்தை விற்பார். நியூ இங்கிலாந்தின் (மாசசூசெட்ஸ், கனெக்டிகட் போன்ற வடகிழக்குக் குடியேற்றங்கள்) பெரும்பகுதியில் உயில் இல்லாமல் இறந்தால் மூத்த மகனுக்கு இரட்டைப் பங்கு. ஐந்து பிள்ளைகள் என்றால் சொத்தை ஆறாக வகுத்து மூத்தவருக்கு இரண்டு. பங்கீட்டுத் தாளில் இரட்டைப் பங்கு வாங்கியவர் யார் என்று பார்த்தாலே மூத்தவர் தெரிந்துவிடும்.

ஐந்து ஷில்லிங் மட்டும் எழுதியிருக்கிறாரே, கோபமா? பெரும்பாலும் இல்லை. அந்தப் பிள்ளை தன் பங்கை முன்பே நிலமாக வாங்கியிருப்பார். தகப்பனிடமிருந்து மகனுக்குப் போன பத்திரத்தை உயிலுக்குப் பத்துப் பதினைந்து ஆண்டு முன்னால் தேடுங்கள். விலைக்குப் பதிலாக "அன்பின் பொருட்டு" என்றிருக்கும்.

## இறந்தவர் நிலம் விற்கிறார்

பதிவுத் தேதியை எழுதிய தேதி என்று எடுத்துக்கொண்டிருப்பீர்கள். 1719ல் எழுதிய பத்திரம் 1741ல் பதிவாவது அங்கே சாதாரணம். இரண்டு தேதியும் சாவுக்குப் பின் என்றால் விற்பவர் இன்னொரு ஜான். அவர் மனைவி பெயரைப் பாருங்கள். கணவர் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு ஆயுள் உரிமை; அதை விட்டுக்கொடுக்க அவளும் ஒப்ப வேண்டும் என்பதால் பத்திரத்தின் அடியிலோ பின்னாலோ அவள் பெயர் இருக்கும்.

கையெழுத்தை ஒப்பிடப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பதிவுப் புத்தகத்தில் இருப்பது எழுத்தரின் கை. நூறு பேர் கையெழுத்தும் ஒரே மாதிரிதான் இருக்கும். உண்மையான கையெழுத்து வேண்டுமென்றால் உயில் கோப்பின் மூலத்தாள்கள், கடன் பத்திரங்கள், மனுக்கள் ஆகியவற்றுக்குப் போங்கள். கைநாட்டுக்காரரின் குறியைச் சில எழுத்தர்கள் புத்தகத்திலும் அப்படியே வரைந்திருப்பார்கள். ஒருவர் எப்போதும் தன் பெயரின் முதலெழுத்தைக் குறியாகப் போட, அதே ஆண்டுகளில் இன்னொரு ஜான் முழுக் கையெழுத்துப் போடுகிறார் என்றால் ஆட்கள் இருவர்.

## எல்லாம் ஒத்துப்போகிறது, இரண்டு ஜானும் பிரியவில்லை

வயது, மனைவி, ஊர் எல்லாம் ஒன்று. இங்கேதான் நிலம் கைகொடுக்கும். பெயரை மறந்துவிட்டுச் செக்குபந்தியை, அதாவது நிலத்தின் நான்கு எல்லையைப் பின்தொடருங்கள்.

1. அந்தப் பெயரில் வாங்கியது, விற்றது அனைத்தையும் ஏக்கர் அளவோடு வரிசையாக எழுதுங்கள். வாங்கியவர், விற்றவர் அட்டவணை இரண்டையும் பார்க்க வேண்டும். அட்டவணைக்கு வராமல் மனைவிவழிச் சொத்து விற்பனையில் பெயர் ஒளிந்திருக்கலாம்.

2. ஒவ்வொரு துண்டும் எப்படி வந்தது, எப்படிப் போனது என்று கணக்கு முடியுங்கள். 200 ஏக்கர் வாங்கியவர் 120 விற்றால் 80 எங்கே? அந்த எண்பதைப் பின்னால் விற்கிறவரே வாரிசு, அல்லது வாரிசின் கணவர். உயிலே இல்லாத குடும்பத்தில் தந்தை மகன் உறவை இந்த ஒரு கணக்கால் நிறுவலாம்.

3. எல்லை விவரத்தைத் தாளில் வரையுங்கள். "வடக்கிலிருந்து கிழக்கே 40 பாகை, 120 கோல்" என்ற வகையில் இருக்கும். ஒரு கோல் 16.5 அடி, 160 சதுரக் கோல் ஒரு ஏக்கர், ஒரு சங்கிலி நான்கு கோல். ஒரே ஓடையின் இரு கரையில் இருவர் நிலம் விழுந்தால் அதற்குப் பிறகு எந்தப் பத்திரம் யாருடையது என்று குழப்பமே வராது. படம் மூடவில்லையென்றால் பெரும்பாலும் ஒரு திசையைத் தப்பாகப் படித்திருக்கிறீர்கள். எழுத்தர் ஒரு வரியை விட்டிருக்கவும் கூடும்.

4. சாட்சிகளையும் அண்டை நிலக்காரர்களையும் தனியாகப் பட்டியலிடுங்கள். இரண்டு ஜானுக்கும் இரண்டு வட்டம் இருக்கும். பெண் வீட்டார் பெயரும் பெரும்பாலும் இந்த வட்டத்திலேயே கிடைக்கும்.

வர்ஜீனியாவில் தலைவரிப் பட்டியல் கூடுதல் உதவி. பதினாறு வயதான ஆண் வரிக்கணக்கில் வருவார் என்பதால், ஒரு புதிய ஜான் பட்டியலில் தோன்றிய ஆண்டிலிருந்து பதினாறைக் கழித்தால் பிறந்த ஆண்டு ஏறக்குறையக் கிடைக்கும். அடிமைகளாக வைக்கப்பட்ட கறுப்பின ஆண், பெண் இருபாலரையும் பதினாறு வயதிலிருந்து அதே பட்டியலில் எண்ணினார்கள். பல இடங்களில் அவர்கள் பெயரும் இருக்கும். அவர்களின் கொடிவழியைத் தேடுகிறவர்களுக்கு எந்த ஜானின் வீடு என்று பிரிப்பது இன்னும் முக்கியம். அந்தப் பெயர்கள் வேறெங்கும் எழுதப்படாமலே போயிருக்கலாம்.

## ஒரே ஆள் மூன்று கவுண்டியில்

குடிபெயர்ந்தார் என்று எழுதுவதற்கு முன் கவுண்டி எல்லை எப்போது பிரிந்தது என்று பாருங்கள். மாசசூசெட்ஸில் வூஸ்டர் 1731ல் பிரிந்தது. பென்சில்வேனியாவில் லங்காஸ்டர் 1729, பெர்க்ஸ் 1752. வர்ஜீனியாவில் ஆரஞ்ச் 1734ல் உருவாகி, 1738ல் அதிலிருந்து அகஸ்டாவும் ஃபிரெடரிக்கும். வீட்டுத் திண்ணையை விட்டு நகராமலே ஒருவர் மூன்று கவுண்டிப் புத்தகங்களில் இருப்பார். கனெக்டிகட், ரோட் ஐலண்டில் நிலப் பத்திரங்கள் கவுண்டியில் இல்லை, ஊர் எழுத்தரிடம். அங்கே கவுண்டியில் தேடி "ஒன்றும் இல்லை" என்று எழுதினால் தேடாததற்குச் சமம்.

## பெயர் வைக்கும் ஒழுங்கைக் கொண்டு கண்டுபிடித்த தாத்தா நிற்கவில்லை

நிற்காது. ஒழுங்கு குறிப்பு மட்டும்தான். மாசசூசெட்ஸின் பியூரிட்டன் (கண்டிப்பான புராட்டஸ்டன்ட் பிரிவினர்) வீடுகளில் முதல் மகனுக்கும் மகளுக்கும் பெற்றோரின் பெயரே வருவது மிகுதி. வர்ஜீனியாவில் தந்தைவழித் தாத்தா, தாய்வழித் தாத்தா, பிறகு தந்தை. நியூ நெதர்லாந்து (இன்றைய நியூயார்க் பகுதி) டச்சுக் குடும்பங்களில் இரு பக்கத் தாத்தா பாட்டிகள். அங்கே தொடக்கத்தில் குடும்பப்பெயரே நிலையில்லை. யான் பீட்டர்சனின் மகன் பீட்டர் யான்சன். ஆனால் டச்சுச் சபை ஏட்டில் தாய் தன் பிறந்த வீட்டுப் பெயரோடு வருவார், ஞானப்பெற்றோர் பெயரும் இருக்கும். ஆங்கிலேய ஏடுகளில் கிடைக்காத வரம் இது.

ஒழுங்கு எப்படி வழி தவறச் செய்யும் என்பதற்கு வாஷிங்டன் குடும்பமே போதும். வர்ஜீனியாவுக்கு வந்த சகோதரர்கள் ஜானும் லாரன்ஸும். ஜானின் மகன்கள் லாரன்ஸ், ஜான். லாரன்ஸின் மகனும் ஜான். ஜானின் மகன் லாரன்ஸுக்கு 1692ல் மீண்டும் ஒரு ஜான், 1694ல் அகஸ்டின். அகஸ்டினின் மகன்கள் லாரன்ஸ், அகஸ்டின், பிறகு ஜார்ஜ். பெயரை மட்டும் வைத்து இதைப் பிரிக்க யாராலும் முடியாது.

அபூர்வமான பெயர்தான் வழிகாட்டும். அகஸ்டினின் முதல் மனைவி ஜேன் பட்லர். தலைப்பிள்ளை பட்லர் வாஷிங்டன். அகஸ்டினின் தாய் மில்ட்ரெட் வார்னரின் குடும்பப்பெயர் வார்னர் வாஷிங்டன் என்ற பேரனில் வந்தது. தாய்வழிப் பாட்டனாரின் தந்தையோ பாட்டியின் தந்தையோ கூட இப்படித் தலைகாட்டலாம்: ஜான் குவின்சி ஆடம்ஸ் பெற்றது, தாயின் தாத்தா ஜான் குவின்சியின் பெயர். குடும்பப்பெயர் போல ஒலிக்கும் முதற்பெயர் கிடைத்தால் அந்தக் குடும்பத்தை அண்டை நிலக்காரர்களில் தேடுங்கள்.

## இணைய மரங்கள் எல்லாம் ஒரே தாத்தாவைச் சொல்கின்றன

நூறு மரங்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியிருக்கும். 1640ல் பிறந்த ஆங்கிலேயருக்கு "வில்லியம் ஹென்றி" என்று நடுப்பெயர் இருந்தால் ஐயப்படுங்கள். அவர்களிடையே அது அரிது. குஸ்டாவ் அஞ்சூ (1942ல் இறந்தவர்) பணம் வாங்கிக்கொண்டு தயாரித்த போலி வம்சாவளிகள் இன்னும் நூலகங்களிலும் தளங்களிலும் உலவுகின்றன. இங்கிலாந்துப் பிரபுக் குடும்பத்தோடு சட்டென்று இணையும் கொடிவழியில் அஞ்சூவின் பெயரைத் தேடிப் பாருங்கள்.

## எப்போது வல்லுநரை அழைப்பது

மரபணுச் சோதனையைத் தொழில்முறை ஆய்வாளருக்கு முன் வாங்க வேண்டாம். ஆண்வழிக் குரோமோசோம் சோதனை, உறவில்லாத இரு ஜான்களைப் பிரிக்கும். ஹிங்ஹாமின் தாமஸ்களைப் போன்ற வழக்குக்குப் பொருத்தமானது. சித்தப்பா பெரியப்பா மக்களான இரு ஜான்களைப் பிரிக்காது, இருவருக்கும் அது ஒன்றுதான். ஒவ்வொரு ஜானுக்கும் ஆவணத்தால் நிறுவிய ஆண்வழி வாரிசு குறைந்தது இருவர் தேவை. எல்லாப் பக்க முன்னோரையும் காட்டும் சாதாரணச் சோதனையில், எட்டு ஒன்பது தலைமுறைக்கு அப்பாலுள்ள ஒருவரின் மரபணுப் பங்கு பெரும்பாலும் கரைந்துபோகும்.

ஜெர்மன் சபை ஏட்டின் கையெழுத்து, பதினேழாம் நூற்றாண்டுச் செயலர் எழுத்து (அக்கால ஆங்கில எழுத்தர்களின் கையெழுத்து நடை), லத்தீன் இவற்றில் ஒன்று குறுக்கே வந்தால் தயங்காமல் அழைக்கலாம். நீதிமன்றம் எரிந்த கவுண்டியும் அப்படித்தான். வர்ஜீனியாவின் பக்கிங்ஹாமில் 1869ல் எரிந்தது. அத்தகைய இடத்தில் 1782ல் தொடங்கும் மாநில வரிப் பட்டியல், நான்காண்டுக்கு ஒருமுறை நில எல்லைகளை நடந்து பார்த்துச் சரிபார்த்ததைப் பதிந்த தேவாலயப் பங்கின் நிர்வாக சபைக் குறிப்பு, பக்கத்துக் கவுண்டி வழக்கு இவற்றைச் சேர்த்துத் தைக்க வேண்டும். பழகிய கை வேண்டும். மேஃபிளவர் கப்பலில் வந்தவர்களின் வம்சாவளிச் சங்கம் போன்றவற்றில் சேர விண்ணப்பிக்கிறவர்களும், ஒரு தலைமுறை மட்டும் ஆதாரமின்றி நின்றால், அந்த ஒரு கண்ணிக்காக மட்டும் அமர்த்தலாம்.

வாஷிங்டன் நகரில் 1964ல் தொடங்கிய கொடிவழி ஆய்வாளர் சான்றளிப்பு வாரியத்தின் சான்று பெற்றவரா, அந்தக் கவுண்டியில் வேலை செய்தவரா என்று கேளுங்கள். கையில் கொடுக்க வேண்டியவை: ஆவணத்துக்கு ஒரு வரியாக நீங்கள் எழுதிய தாள், நில வரைபடங்கள், தேடியும் கிடைக்காத புத்தகங்களின் பட்டியல் ஆண்டு எல்லையோடு. கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்: "1719ல் இந்த ஓடைக் கரையில் 80 ஏக்கர் விற்ற ஜானின் தந்தை யார்?" எத்தனை மணி நேரம் வரை என்பதையும் அதே தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.